பஸ் வண்டியும் தோட்டப் பாதையும்



ஒரு நகரத்தின் புறத்தே வாழ்வோர் பொது வாகனங்களில் ஏறுவதற்கும் ஏறாது விடுவதற்கும் உரிய காரணங்கள் யாவை என்பதைப் போக்குவரத்துத் துறை அறிஞர் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். கட்டணம், பயணத்துக்கு எடுக்கும் நேரம், காத்து நிற்கும் நேரம், தரிப்பிடம் வரை நடக்க வேண்டிய தூரம், நேரந் தவறாமை, பாதுகாப்பு என்பன அவர்கள் கூறும் காரணங்களுள் முக்கியமானவை. இவ்வாராய்ச்சிகளுட் பல, சொந்த மோட்டார் வண்டி வைத்திருப்பவரை எவ்வாறு பஸ்ஸில் ஏறச் செய்யலாம் என்னும் நோக்கத்தோடு செய்யப்பட்டவை. லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் அந்நோக்கம் பொருந்தும். பதுளை நகரையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் பொறுத்தவரை வினாவைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. இங்கே லயத்தில் வாழும் குடும்பம் பஸ்ஸை விட்டால் காரில் ஏறப்போவதில்லை. பெரும்பாலும் அந்தப் பயணத்தையே விட்டுவிடுகிறது. கிளினிக்குக்குப் போக வேண்டிய தாய் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். உயர்தரம் படிக்க வேண்டிய மகள் வீட்டோடு நின்றுவிடுகிறாள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இம்மாவட்டத்துப் பாடசாலைகளிற் பணியாற்றிவரும் நான், இவ்விடயத்தை அந்தப் பக்கத்திலிருந்தே நோக்க விரும்புகிறேன்.

புகையிரதத்தைப் பற்றி முதலிற் கூறிவிடலாம். மலையகப் புகையிரதப் பாதை 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. பதுளையை அடைவதற்கோ மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலமும், தெமோதரையில் ஒரு பெருஞ் சுற்றும் அமைத்த பின்னரே 1924இல் முதற் புகையிரதம் பதுளைக்கு வந்தது. தெமோதரை நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கத்தினூடாக அதே பாதை மீண்டும் செல்லும் புதுமையைக் காண இன்றும் மக்கள் வருகின்றனர். எனினும், தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் தேவையே இப்பாதை மலையேறுவதற்கு முதற் காரணம் என்பதை மறத்தற்கில்லை. பெட்டிகளை ஏற்றுவதற்கு வசதியான இடங்களிலே நிலையங்கள் அமைந்தன; கொழுந்து பறிப்போரின் லயங்கள் அவற்றிலிருந்து பல மைல் மேலே இருந்தன. நாளாந்தப் பயணத்துக்குப் புகையிரதம் அவர்களுக்கு ஒருபோதும் முழுமையாக உதவியதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழை, புகையிரதப் பாதையையும் வீதிகளையும் ஒருசேரச் சிதைத்தபோது, மலையகத்து மக்களுக்கு எத்தனை குறைந்த வழிகளே உள்ளன என்பதை நாடு முழுவதும் கண்டது.

ஆகவே பஸ் வண்டியே நம் மக்களின் வாகனம். 1958 ஜனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகளை அரசு பொறுப்பேற்று இலங்கைப் போக்குவரத்துச் சபையை நிறுவியது. வருவாய் மிக்க வீதியில் வரும் பணத்தைக் கொண்டு வருவாய் குறைந்த வீதியிலும் வண்டி ஓட்டலாம் என்பது அத்தகைய பொதுச் சபை ஒன்றினால் விளையக்கூடிய பெரும் நன்மை. 1979இல் தனியார் வண்டிகளுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. பின்னர் சபை பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, 2005இல் மறுபடியும் ஒன்றாக்கப்பட்டது. இம்மாற்றங்களின் நன்மை தீமைகளை இங்கே நான் ஆராயவில்லை. தனியார் வண்டியின் உரிமையாளர் அன்றன்றைய வசூலை நம்பி வண்டி ஓட்டுகிறார். பதுளை - பண்டாரவளை வீதியில் ஆட்கள் நிறைந்திருக்க, பத்துப் பேருக்காக மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு அவர் ஏன் ஏறிச் செல்ல வேண்டும்? அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. எரிபொருளும் டயரும் அவருடைய கைப்பணம்.

வண்டி தோட்டத்துக்குள் வராமைக்கு மற்றொரு காரணம் உண்டு. அதனை நகரத்தார் பலர் அறியார். தோட்டப் பாதை யாருக்குச் சொந்தம் என்பதே அது. துரைமார் காலத்தில் கொழுந்தை ஸ்டோருக்குக் கொண்டுவரவும் தேயிலையைக் கீழே இறக்கவும் வெட்டப்பட்ட பாதைகள் இவை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. பாதையோ எக்காலத்திலும் தோட்டத்துப் பாதையாகவே இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தம் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குள் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. சபைக்கு வாக்களித்து உறுப்பினரைத் தெரிவுசெய்த மக்கள், அதே சபையிடம் ஒரு மதகு கட்டித் தருமாறு கேட்க இயலாத விசித்திர நிலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. சட்டத்தைத் திருத்துவது ஒரு நாட் செயல். குழியும் குன்றுமான பாதையைத் திருத்துவது அத்தகையதன்று. மழைக்காலத்தில் லொறியே சறுக்கும் பாதையிற் பயணிகளை ஏற்றிச் செல்ல எந்தச் சாரதியும் துணியான்.

பாதை செம்மையாக இருந்தால் நிலைமை எப்படி இருக்கும் என்பதற்குச் சான்று தேட நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. அப்புத்தளையிலிருந்து தம்பேதென்னத் தோட்டத்துக்குப் பஸ் ஓடுகிறது. 1890இல் தோமஸ் லிப்டன் அமைத்த தேயிலை ஆலை அங்கே இருக்கிறது. அந்த வண்டியில், மலையுச்சியிலுள்ள லிப்டன் ஆசனத்தைக் காணச் செல்லும் வெளிநாட்டாரும், பட்டணத்திற் சாமான் வாங்கித் திரும்பும் பெண்களும் ஒரே இருக்கையில் நெருங்கி அமர்ந்து செல்வதைப் பார்க்கலாம்.

இனி நேரத்தைப் பற்றிக் கூறவேண்டும். வண்டியில் அமர்ந்து செல்லும் பத்து நிமிடத்தைவிட, வீதியோரத்தில் வண்டி வருமோ வராதோ என்று நிற்கும் பத்து நிமிடம் பயணிக்கு நீளமாகத் தோன்றும் என்பது ஆராய்ச்சியாளர் பலநாடுகளிற் கண்ட உண்மை. மலைநாட்டில், மழையில், தலையிற் சாக்கைப் போட்டுக்கொண்டு நிற்பவருக்கு அது இருமடங்காக அன்று, பன்மடங்காகவே தோன்றும். இதிலும் காலை வண்டியைவிட மாலை வண்டியே பயணத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் துணிபு. காலையில் எப்படியும் கீழே இறங்கிவிடலாம். நடந்தேனும் வீதியை அடையலாம். திரும்பி ஏறுவதே கடினம். கடைசி வண்டி ஐந்து மணிக்கு என்று பலகையில் எழுதியிருக்கும். ஆட்கள் போதாவிட்டால் அது ஐந்தரைக்குப் புறப்படும். சில நாள் புறப்படாமலே விடும். அந்தச் சில நாட்களே மக்களின் நினைவில் நிற்கின்றன. ஒருமுறை நமுனுகுலைச் சந்தியில் இறங்கி, இருட்டில், அட்டைகள் நிறைந்த குறுக்குப் பாதையில் பிள்ளையோடு ஏறிச் சென்ற தாய், மறுமுறை பட்டணத்துக்குப் புறப்படுமுன் பலமுறை யோசிப்பாள்.

கட்டணத்தை நான் பிற்படக் கூறுவது அது சிறிய காரணம் என்பதாலன்று. தோட்டத் தொழிலாளிக்குப் பட்டணப் பயணத்தின் விலை பஸ் கட்டணம் மாத்திரமன்று. அன்றைய சம்பளமும் அதனுட் சேரும். காலைப் பெரட்டுக்கு நில்லாதவருக்கு அன்று பேர் இல்லை. வைத்தியசாலையில் ஒரு மணி நேர வேலைக்காக, போவதற்கும் வருவதற்கும் முழு நாள் கழிகிறது. வண்டி நேரத்துக்கு ஓடினால் அரைப் பேராவது கிடைக்கும். வண்டி இல்லாதபோது இருப்பது முச்சக்கர வண்டி ஒன்றே. 2022இன் எரிபொருள் நெருக்கடியிற் கட்டணங்கள் யாவும் உயர்ந்தன. முச்சக்கர வண்டியை நான்கு குடும்பங்கள் சேர்ந்து பிடிக்கும் வழக்கம் அக்காலத்தில் என் அயலிலும் பரவியது. நோயாளி ஒருவர் செல்வதானால் சேர்வதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

பாதுகாப்பும் மக்கள் மனத்தில் உள்ளது. 2021 மார்ச்சில் பசறை - லுணுகலை வீதியில் 13ஆம் மைற்கல் அருகே பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2025 செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியிலும் அத்தகைய துயரம் நேர்ந்தது. இவற்றை விடவும், நாள்தோறும் மிதிபலகையிற் தொங்கும் கூட்டத்தினிடையே தம் பெண்பிள்ளைகள் படும் தொல்லையைத் தாய்மார் அஞ்சுகின்றனர். அவர்கள் இதனை அதிபரிடம் வெளிப்படையாகச் சொல்வதில்லை. "வயசுக்கு வந்த பிள்ளைங்க சார், இனிப் போதும்" என்பார்கள். அந்த ஒரு வசனத்தினுள் பஸ் வண்டியும் அடங்கியிருக்கிறது என்பதை அறிய எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

தோட்டப் பாடசாலைகளை 1977 முதல் அரசு பொறுப்பேற்றதன் பயனாகச் சாதாரணதரம் வரை படிப்பது இன்று பெரும்பாலும் அயலிலேயே இயல்கிறது. உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் கற்க விரும்பும் பிள்ளையோ பதுளைக்கோ பண்டாரவளைக்கோ செல்ல வேண்டியிருக்கிறது. பாடசாலை ஒன்றரை மணிக்கு முடியும். செய்முறை வகுப்போ மேலதிக வகுப்போ இருந்தால் நான்கு மணியாகும். மாணவருக்கான சலுகைப் பருவச்சீட்டு போக்குவரத்துச் சபையின் வண்டியிலே செல்லும். தனியார் வண்டியிற் செல்லாது. சபை வண்டி ஓடாத நேரத்தில் அச்சீட்டு வெறுங் காகிதமே. 2005இல் தொடங்கிய 'சிசு சரிய' பாடசாலைச் சேவை ஓடும் வழிகளிற் பிள்ளைகளின் வரவு ஒழுங்காக இருப்பதை அதிபர்கள் அறிவார்கள். அத்தகைய வண்டி இல்லாத மலைகளிலிருந்து வரும் பிள்ளைகளின் பெயருக்கு நேரே, மழை மாதங்களில், வரவுப் பதிவேட்டில் வெற்றிடங்கள் தொடர்ந்து விழுகின்றன. அவர்களுட் கூரிய அறிவுடையோர் பலர் இரண்டாம் ஆண்டுக்குள் கலைப் பிரிவுக்கு மாறுகின்றனர். கலைப் பட்டதாரியாகிய நான் கலைப் பிரிவை இழிவாக எண்ணுபவனல்லன். பஸ் நேரத்துக்காக ஒரு பிள்ளை தான் விரும்பிய பாடத்தைக் கைவிடலாகாது என்றே கூறுகிறேன்.

தமிழ்நாட்டில் பெரிய வண்டி செல்லாத கிராமங்களுக்கு 1997இல் சிற்றுந்துத் திட்டம் வகுத்தனர். சிறிய வண்டிகளைக் கிராமப் பாதையில் ஓடவிட்டுப் பெருவீதியோடு இணைப்பதே அதன் முறை. 2021 முதல் அங்கே சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். இலவசப் பயணத்தை இங்கே உடனே கேட்பது கைகூடுவதாக எனக்குத் தோன்றவில்லை. சிறிய வண்டி முறை நம் மலைப் பாதைகளுக்கு நன்கு பொருந்தும். ஆட்கள் குறைந்த கிராமவழிகளில் ஓடுவோருக்கு உதவிப்பணம் வழங்கும் வழக்கம் நம் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்குப் புதியதன்று. தோட்டப் பாதைகளும் கிராமப் பாதைகளாகக் கணக்கிடப்பட்டாற் போதும்.

பணம் மிகுதியாக வேண்டாத காரியம் ஒன்றும் உண்டு. பதுளை மாவட்டத்தின் பசறை, ஹாலிஎல, பண்டாரவளை முதலிய பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. அப்பிரிவுகளின் சந்திகளில், பஸ் புறப்படும் நேரத்தைத் தமிழிலும் எழுதி வைக்கலாம். எழுதிய நேரத்தில் கடைசி வண்டியை, ஏழு பேர் இருந்தாலும், புறப்படச் செய்யலாம். அந்த நேரத்தைக் குறிக்குமுன், கொழுந்து மடுவத்தில் மாலை நிறுவை எத்தனை மணிக்கு முடிகிறது, பாடசாலையில் மேலதிக வகுப்பு எத்தனை மணிக்கு விடுகிறது, கிளினிக் எந்தக் கிழமையில் நடக்கிறது என்பவற்றை அதிகாரிகள் கேட்டறிய விரும்பினால், சொல்வதற்கு ஒவ்வொரு தோட்டத்திலும் ஆட்கள் இருக்கின்றனர்.