வேலியில் ஒரு பொட்டு

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"டொக்டர்தானே, ஏதாவது பிரயோசனமாகப் பேசுங்கோ" என்று செயலாளர் கேட்டபோது, சலரோகத்தைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பா. நான் வேலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நான் இந்தப் பாடசாலையில் முதலாம் வகுப்பில் சேர்ந்தது 1986இல். 1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நாங்கள் படித்ததெல்லாம் ஜாம் போத்தல் விளக்கில். போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய், ஒரு திரி, அவ்வளவுதான். காலையில் முகம் கழுவினால் மூக்குக்குள் கரி. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். இங்கே இருக்கும் என் வயதுக்காரர் சிரிப்பது தெரிகிறது. சுற்றிச் சுற்றிக் கை உளைந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

அந்த நாளில் எங்கள் வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையில் கிடுகு வேலிதான். வேலியில் ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்குள்ளால்தான் நெருப்புப்பெட்டி போகும், கறி வரும், "பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருக்கா வந்து பாருங்கோ" என்ற குரலும் வரும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, பெரியம்மா தன் பெட்டியைக் கட்டுவதற்கு முதல் அந்தப் பொட்டால் போய், பக்கத்து வீட்டு ஆச்சியைக் கூட்டிவந்தா. மழைக்குள் சைக்கிள் கரியரில் ஆச்சியை இருத்தி, நாவற்குழிப் பாலத்தால் உருட்டிக்கொண்டு போனதை நான் கூடவே நடந்து பார்த்தேன்.

இனி, அண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். பெரியம்மா இப்போது தனியே இருக்கிறா. மகன் ரொறன்ரோவில். நல்ல பிள்ளை. வீட்டைச் சுற்றி ஆறடி மதில் கட்டி, இரும்புக் கேற் போட்டு, விறாந்தையிலும் சாலையிலும் கமரா பூட்டி, அம்மாவுக்கு நல்ல கைத்தொலைபேசியும் வாங்கிக் கொடுத்தவர்.

ஒரு நாள் காலை பத்து மணியளவில் பெரியம்மாவுக்கு வலது கை விறைத்தது. இடது கையால் முதலில் எனக்குத்தான் எடுத்தா. நான் கிளினிக்கில். என் தொலைபேசி லாச்சிக்குள், சத்தமில்லாமல். பிறகு மகனுக்கு எடுத்தா. அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது, அவர் நித்திரை. "பிள்ளையள் வேலையாய் இருப்பினம், பிறகு எடுப்பினம்" என்று கதிரையில் இருந்துவிட்டா.

இரண்டு மணிக்குச் சாப்பிட எழும்பியபோதுதான் ஆறு அழைப்புகள் தவறியிருந்ததைக் கண்டேன். திருப்பி எடுத்தேன், பதிலில்லை. ரொறன்ரோவுக்கு எடுத்து எழுப்பினேன். அவர் கமராவைத் திறந்து பார்த்தார். "அம்மா கதிரையிலை சரிஞ்சு கிடக்கிறா" என்றார். எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தவருக்குத் தெரிந்தது, மதிலுக்கு அப்பால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

1990 இலக்கத்துக்கு அழைத்தேன். அம்புலன்ஸ் விரைவாக வந்தது. ஆனால் கேற் உள்ளே பூட்டு. பக்கத்து வீட்டுத் தம்பி ஏணி வைத்து மதில் ஏறிக் குதித்துத் திறந்தார். 1995இல் சைக்கிளில் போன அந்த ஆச்சியின் பேரன்தான் அவர். "ஒரு சத்தம் போட்டிருந்தால் வந்திருப்பேனே, அக்கா" என்று அழுதார்.

இரத்தக்கட்டால் வருகிற பாரிசவாதத்துக்குக் கட்டைக் கரைக்கும் ஊசி உண்டு. நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். பெரியம்மா வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணித்தியாலம் கடந்துவிட்டது. இன்று இருக்கிறா. ஆனால் வலது கை இல்லை. நான் வைத்தியர். எத்தனையோ பேருக்கு இதைப் படிப்பித்தவள். என் சொந்தப் பெரியம்மாவுக்கு அந்த நாலு இலக்கத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் பழைய காலம் நல்லது என்று சொல்ல வரவில்லை. ஜாம் போத்தல் விளக்கு எனக்கு வேண்டாம். 2022இல் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது என் மகளுக்கு அந்த விளக்குச் செய்து காட்டினேன். அரை மணித்தியாலத்தில் இருவருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. இலவச அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கு வந்தபின் எத்தனை உயிர் தப்பியதை நானே கண்டிருக்கிறேன். கருவிகள் நல்லவை. ஆனால் நாங்கள் கமராவைப் பூட்டியபோது பொட்டை அடைத்துவிட்டோம். ஒன்றுக்குப் பதில் மற்றது என்று நினைத்துவிட்டோம்.

ஆகவே, இலண்டனிலும் மெல்பேணிலும் ரொறன்ரோவிலும் இந்த மலரை வாசிக்கப்போகும் சகோதரிகளிடம் மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, அம்மா வீட்டுக் கேற்றின் ஒரு திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். இரண்டாவது, 1990 என்ற இலக்கத்தைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால், பிள்ளைக்கு முதல் அந்த இலக்கத்துக்கு எடுக்கச் சொல்லுங்கள், பிள்ளை கோவிக்காது. மூன்றாவது, அடுத்த முறை அம்மாவோடு கதைக்கும்போது, பக்கத்து வீட்டாரோடும் இரண்டு வார்த்தை கதையுங்கள்.

ஊரில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழிகள் ஒன்பது பேர், வெளிநாட்டிலுள்ள தோழிகளின் பெற்றோர் வீடுகளைப் பங்கிட்டு எடுத்திருக்கிறோம். ஆளுக்கு இரண்டு வீடு. கிழமைக்கு ஒருமுறை போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வருவோம். காலை வணக்கப் படங்கள் மட்டும் போய்வந்த எங்கள் வட்ஸ்அப் குழுவில் இப்போது "உன் அம்மாவைப் பார்த்தேன், சுகம்" என்ற செய்தியும் போகிறது. மற்ற வகுப்புகளும் இதைச் செய்யலாம். பணம் தேவையில்லை.

மதிலை இடிக்கச் சொல்லவில்லை. ஒரு பொட்டு விட்டு வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். என் கைப்பையில் இப்போது மூன்று வீட்டுத் திறப்புகள் இருக்கின்றன. அதில் ஒன்று பெரியம்மாவுடையது. கொஞ்சம் பிந்திக் கிடைத்த திறப்பு.