வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை

(நோய் ஆதரவு சிகிச்சை குறித்து திருவண்ணாமலையில் ஆற்றிய விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்)



புற்றுநோய் வந்த வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிற வார்த்தை ஒன்று உண்டு. "இந்த நோய்க்கு வலி இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோங்க." பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் புற்றுநோய் வலியில் பெரும்பகுதியை மருந்தால் கட்டுப்படுத்த முடியும். வலி, வாந்தி, மூச்சுத்திணறல், தூக்கமின்மை, மனச்சோர்வு இவற்றைக் கவனிப்பதற்கென்றே ஒரு மருத்துவப் பிரிவு இருக்கிறது. மருத்துவர்கள் அதை பாலியேட்டிவ் கேர் என்பார்கள். நம் அரசுத் திட்டங்களில் அதன் பெயர் நோய் ஆதரவு சிகிச்சை.

பெயரைக் கேட்டதுமே பல வீடுகளில் ஒரு பயம் வருகிறது. "அப்போ டாக்டர் கைவிட்டுட்டாரா?" இல்லீங்க. நம்ம ஊர் கிரிவலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 14 கிலோமீட்டர் நடை. நீர்மோர்ப் பந்தலைக் கடைசி கிலோமீட்டரில் மட்டுமா வைக்கிறோம்? வழிநெடுக வைக்கிறோம். நோய் ஆதரவு சிகிச்சையும் அப்படித்தான். கீமோ, கதிர்வீச்சு எல்லாம் நடக்கும்போதே, முதல் நாளிலிருந்தே கூடவே வர வேண்டியது அது.

இதை ஆராய்ச்சி செய்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜெனிஃபர் டெமல் என்ற புற்றுநோய் மருத்துவர் தலைமையில் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில் கண்டறியப்பட்ட 151 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே நோய் ஆதரவு சிகிச்சை. முதல் பிரிவில் 38 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. இரண்டாவது பிரிவில் 16 சதவீதம்தான். ஆயுளிலும் வித்தியாசம் தெரிந்தது. முதல் பிரிவில் சராசரியாக 8.9 மாதம், இரண்டாவதில் 11.6 மாதம். எல்லாப் புற்றுநோய்க்கும் ஆயுள் இதே மாதிரி கூடும் என்று சொல்ல முடியாது. ஆனால் இருக்கிற நாளை நிம்மதியாக வாழ இது உதவுகிறது என்பதைப் பிறகு வந்த ஆய்வுகளும் காட்டின.

அடுத்த பயம் மார்ஃபின். "அது போதை மருந்தாச்சே, பழகிடாதா?" கடுமையான புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிற மருந்து அது. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் வலிக்காகச் சாப்பிடுகிறவர்கள் அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் வரும்; அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், அளவைக் கூட்டாதீர்கள். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் இந்த மருந்து கிடைப்பதே சிரமமாக இருந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்தி, நோயாளிகளுக்குக் கிடைக்கும் வழியை எளிதாக்கினார்கள்.

சரி, இதற்கு எங்கே போவது? முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்றால் பி.பி., சுகர் மாத்திரை மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே நோய் ஆதரவு சேவையும், இயன்முறை சிகிச்சையும் அதே திட்டத்தில் உண்டு. ஊருக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ நோயாளியின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரிக்கலாம். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. வழி தெரியவில்லை என்றால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள்.

கையில் இருக்கிற போனை இன்னும் நன்றாகப் பயன்படுத்தலாம். தினமும் காலை, மாலை நோயாளியிடம் கேளுங்கள்: "அப்பா, பத்து ரூபாய்க்கு எத்தனை ரூபாய் வலி இருக்கு?" சொல்கிற எண்ணை நேரத்தோடு குறித்து வையுங்கள். மருந்துச் சீட்டுகளைப் படம் எடுத்து ஒரே இடத்தில் சேமியுங்கள். ஒரு வாரக் குறிப்பைக் காட்டினால், மருந்தின் அளவை முடிவு செய்ய மருத்துவருக்குச் சுலபமாக இருக்கும். வாட்ஸ்அப்பில் வருகிற "ஒரே வாரத்தில் குணம்" செய்திகளை நம்பி சிகிச்சையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது தயங்காமல் இதைக் கேளுங்கள்: "டாக்டர், வலிக்குத் தனியா சிகிச்சை இருக்காமே, எங்களை அந்தப் பிரிவுக்கு அனுப்புவீங்களா?" வலியில் இருப்பவர் பல நேரம் வாய் திறந்து கேட்க மாட்டார். அவருக்காக வீட்டில் ஒருவர் கேட்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.