இசைத்தட்டைக் காப்போம்



இன்றைய பேச்சு இசைத்தட்டைப் பற்றியது. பாட்டு கேட்க இப்போது கைப்பேசியே போதும். ஆனாலும் பழைய ரிக்கார்டுகள் இன்னும் இருக்கின்றன. சில வீடுகளில் பரண்மேல் இருக்கின்றன. சில நூலகங்களில் அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் உள்ள சில பாட்டுகள் வேறு எங்கும் கிடைப்பதில்லை. தட்டு தேய்ந்துபோனால் அந்தப் பாட்டும் போய்விடும்.

1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். கல்கத்தா நகரில் கௌஹர் ஜான் என்ற பாடகி பாடினார். அவருடைய குரலைத் தட்டில் பதித்தார்கள். இந்தியாவில் எடுத்த முதல் இசைத்தட்டுப் பதிவுகளில் அவையும் சேரும். அப்போது தட்டு அச்சடிக்கும் ஆலை இந்தியாவில் இல்லை. அதனால் பதிவுகள் ஜெர்மனி நாட்டின் ஹனோவர் நகருக்குப் போயின. பாடியவர் யார் என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரிய வேண்டுமே! ஆகவே பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தன் பெயரைச் சொன்னார். அதுவும் தட்டில் பதிந்தது.

கௌஹர் ஜான் 1930-இல் மறைந்தார். ஆனால் அவருடைய குரலை இன்றும் கேட்கலாம். ஏன்? யாரோ சிலர் அந்தத் தட்டுகளை உடையாமல் காப்பாற்றி வைத்தார்கள். அதனால்தான்.

தட்டு எதனால் ஆனது?

பழைய தட்டுகள் அரக்கால் ஆனவை. அரக்கு என்பது மரக்கிளையில் வாழும் சிறு பூச்சி தரும் பொருள். இன்றைய ஜார்க்கண்ட் பகுதிக் காடுகளில் அரக்கு நிறையக் கிடைக்கிறது. அரக்குடன் கல்தூள் முதலியவற்றைக் கலந்து தட்டு செய்தார்கள். இது கனமாக இருக்கும். கீழே விழுந்தால் உடைந்துவிடும். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும்.

1948-இல் அமெரிக்காவில் வினைல் என்ற பிளாஸ்டிக்கில் நீண்ட நேரம் பாடும் தட்டு வந்தது. இதை எல்.பி. என்பார்கள். நிமிடத்துக்குச் சுமார் 33 முறை சுற்றும். இது எளிதில் உடையாது. ஆனால் கீறல் விழும். சூட்டில் வளையும்.

தட்டின் மேல் மெல்லிய பள்ளக்கோடு ஒன்று உண்டு. அது ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே போகிறது. பார்த்தால் பல கோடுகள் போலத் தெரியும். உண்மையில் ஒரே கோடுதான். 12 அங்குல எல்.பி. தட்டில் ஒரு பக்கத்துக் கோட்டை நீட்டினால் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் வரும். அந்தக் கோட்டின் நெளிவுகளில்தான் பாட்டு இருக்கிறது. ஊசி அந்த நெளிவுகளில் அசைகிறது. அந்த அசைவே ஒலியாக மாறுகிறது. நெளிவு தேய்ந்துவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

முதலில் படியுங்கள், பிறகு இயக்குங்கள்

தானாக இயங்கும் பிளேயரில் ஊசி உள்ள கையை நாம் தூக்கி வைக்க வேண்டாம். கருவியே அதைச் செய்யும். ஆனால் அதற்குக் கண் இல்லை. எந்தத் தட்டு வைத்திருக்கிறோம் என்று பல கருவிகளுக்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். எண்களைப் படிக்கத் தெரிந்தால் இது எளிது.

ஒன்று: பிளேயரை ஆடாத, சமமான மேசையில் வையுங்கள். ஊசிக் கையைக் கட்டியிருக்கும் கொக்கியைக் கழற்றுங்கள்.

இரண்டு: வேகத்தைப் பாருங்கள். 33, 45, 78 என்ற எண்கள் கருவியில் இருக்கும். தட்டிலோ உறையிலோ உள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணில் திருப்புங்கள்.

மூன்று: அளவைப் பாருங்கள். 7, 10, 12 என்பவை தட்டின் அங்குல அளவுகள். 7 அங்குலத் தட்டை வைத்துவிட்டு 12-இல் திருப்பினால் என்ன ஆகும்? ஊசி தட்டுக்கு வெளியே ரப்பர் விரிப்பில் இறங்கும். ஊசி கெட்டுவிடும்.

நான்கு: ஊசியைப் பாருங்கள். 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்குத் தடித்த ஊசி வேண்டும். எல்.பி.க்கு மெல்லிய ஊசி வேண்டும். சில கருவிகளில் இரண்டு ஊசியும் இருக்கும். சிறிய பிடியைத் திருப்பி மாற்றலாம்.

ஐந்து: 'ஸ்டார்ட்' என்ற பிடியைத் தள்ளுங்கள். கை தானே எழும்பித் தட்டின் ஓரத்தில் இறங்கும்.

பாட்டு முடியும் இடத்தில் கோடு விலகி விலகி ஓடும். ஊசிக் கை வேகமாக உள்ளே நகரும். அந்த வேகத்தை வைத்துப் பாட்டு முடிந்தது என்று கருவி அறியும். கை எழும்பித் தன் இடத்துக்குத் திரும்பும். பாதியில் நிறுத்த வேண்டுமானால் 'ரிஜெக்ட்' அல்லது 'ஸ்டாப்' பிடியைத் தள்ளுங்கள். கை தானாக நகரும்போது அதைப் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே இருக்கும் பற்சக்கரம் உடையும்.

சில கருவிகளில் பல தட்டுகளை அடுக்கி வைக்கலாம். ஒன்று முடிந்ததும் அடுத்தது விழும். ஆனால் தட்டின்மேல் தட்டு விழுந்தால் தூசி நடுவில் சிக்கிக் கீறும். அரிய தட்டானால் ஒவ்வொன்றாகப் போடுவதே நல்லது.

ஊசி தாவுகிறது என்று சிலர் கையின் மேல் காசு வைப்பார்கள். அது தவறு. பாரம் கூடினால் பள்ளம் சீக்கிரம் தேயும். தூசியைத் துடையுங்கள். ஊசி தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். வைர ஊசி சுமார் 500 முதல் 1000 மணி நேரம் வரை உழைக்கும். நீலக்கல் ஊசி அதைவிடச் சீக்கிரம் தேயும். தேய்ந்த ஊசி உளியைப்போலப் பள்ளத்தைச் செதுக்கிவிடும்.

தட்டைப் பேணும் முறை

தட்டின் ஓரத்தையும் நடுவில் உள்ள காகித லேபிளையும் மட்டும் தொடுங்கள். பாட்டு உள்ள இடத்தில் விரல் படக்கூடாது. விரலின் எண்ணெயில் தூசி ஒட்டும்.

மென்மையான, சுத்தமான துணியால் துடையுங்கள். கோடு போகும் வழியே சுற்றித் துடைக்க வேண்டும். குறுக்கே துடைக்கக்கூடாது. அழுக்கு அதிகமானால் காய்ச்சி வடித்த நீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைக்கலாம். லேபிள் நனையக்கூடாது. அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும்.

தட்டுகளை உறையில் போட்டுப் புத்தகம்போல நேராக நிறுத்துங்கள். சாய்த்து வைத்தால் வளையும். வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் ஈரச்சுவர் ஓரம் வேண்டாம். பூஞ்சணம் பிடிக்கும்.

கடைசியாக ஒன்று. பழைய உறை கிழிந்துபோனால் புதிய காகித உறை செய்யுங்கள். லேபிளைப் படித்துப் பாடகர் பெயர், பாட்டு, வேகம் மூன்றையும் உறையின்மேல் எழுதுங்கள். உறைக்குள் தட்டைப் போடும் முன்பே எழுதிவிடுங்கள். பெயர் தெரியாத தட்டைக் குப்பை என்று எறிந்துவிடுவார்கள். பெயர் எழுதிய தட்டைப் பேரப்பிள்ளைகள் எடுத்துக் கேட்பார்கள்.