பழிச்சொல்லும் பணியும்



எழுதுகோல் பிடித்தவர் எவரும் பழிச்சொல்லுக்குத் தப்பியதில்லை. கவிதை வெளிவந்த மறுநாளே அதனைக் களவு என்பார் உளர். கவிதையை விடுத்துக் கவிஞரின் குடும்பத்தைப் பேசுவாரும் உளர். இவற்றை எதிர்கொள்ளும் முறை யாது? தஞ்சைத் தரணியில் பிறந்த ஒருவரின் வாழ்வே இதற்கு விடை கூறுகிறது.

1855இல் பிறந்த, உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர், 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டே சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்தார். சைவச் சூழலில் வளர்ந்த அவர், பொருள் விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்தார். 1887இல் நூல் அச்சேறியது.

பாராட்டோடு கண்டனமும் வந்தது. பதிப்பில் பிழை மலிந்துள்ளது என்று அச்சிட்ட தாள்கள் பரப்பப்பட்டன. பிற்காலத்தில் தம் சரித்திரத்தை எழுதியபோது, ஓர் அத்தியாயத்துக்குக் 'கண்டனப் புயல்' என்றே அவர் பெயரிட்டார் எனின், அந்நாளில் பட்ட வேதனையை உய்த்துணரலாம். மறுப்பு எழுதவும் முனைந்தார். கல்லூரியில் உடன் பணியாற்றிய சாது சேஷையர் அதனைத் தடுத்தார். மறுப்புக்கு மறுப்பு எனத் தொடங்கினால் காலமெல்லாம் அதற்கே போய்விடும், எடுத்த பணி நின்றுவிடும் என்பதே அவர் அறிவுரையின் சாரம். ஐயர் அதற்கு இணங்கினார்.

மறுப்புக்குச் செல்லவிருந்த காலம் எங்குச் சென்றது? 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. இவையே அவர் தந்த மறுமொழி. ஆனால் அவரது மௌனம் செவிட்டு மௌனம் அன்று. ஏடுகளை மேலும் மேலும் ஒப்புநோக்கி, 1907இல் சிந்தாமணியைத் திருத்தி மீண்டும் பதிப்பித்தார். வள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். குற்றங்கடிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். பிறர் வசையைப் பொறுத்தலும் தன் குற்றத்தைக் களைதலும் ஒருவரிடத்தே சேர்ந்திருத்தல் அரிது. ஐயரிடத்தே அவை சேர்ந்திருந்தன.

இதற்கு மாறான வரலாறும் உண்டு. இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867இல் திருவருட்பா என்னும் பெயரில் வெளிவந்தன. அதனையொட்டி எழுந்த பூசல் 1869இல் வழக்குமன்றம் ஏறியது. அடிகள் 1874இலும் ஆறுமுக நாவலர் 1879இலும் மறைந்தனர்; பூசலோ மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இரு சார்பினரும் கண்டன நூல்கள் எழுதிக்கொண்டிருந்தனர். பெரும்புலமை படைத்தோரின் நாள்கள் வசையில் கழிந்தன.

ஆயினும், எல்லாப் பழிக்கும் மௌனமே மருந்து என்று கூறுதல் பொருந்தாது. ஐயருக்குப் பதவி இருந்தது; அருகே நல்ல நண்பர் இருந்தார். இவ்விரண்டும் இல்லாதார் நிலை என்ன? பணியிடத்தில் ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைக் குறித்து வதந்தி எழுகிறது. அவள் வாய்மூடி இருந்தால் அதனை ஒப்புதல் என்பர். சினந்து பேசினால் அடக்கமற்றவள் என்பர். அங்கே வாய்ச்சண்டையும் உதவாது, மௌனமும் உதவாது. நாளையும் சொல்லையும் சான்றையும் குறித்து வைத்து, உரிய இடத்தில் எழுத்தில் முறையிடுதலே தக்கது. பாலியல் தொல்லையாயின், பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடங்களில் விசாரணைக்கென உள்ளகக் குழு இருத்தல் வேண்டும் என 2013ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. உடன் பணியாற்றுவோர்க்கும் ஒரு கடமை உண்டு: சேஷையரைப் போல அருகே நிற்றல்.

ஆகவே ஒரு பழிச்சொல் வந்துற்றபோது மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். இதில் உண்மை உண்டா? உண்டெனில் திருத்துக. இது பிழைப்பையும் மானத்தையும் கெடுக்குமா? கெடுக்குமெனில் சான்றோடு ஒருமுறை மறுத்து, நீதி கேட்க. இரண்டும் இல்லையா? விடுத்துப் பணிக்குத் திரும்புக.

பூதலூர் மக்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அண்மையில் உள்ள கல்லணை செய்வதும் அதுவே. வரும் வெள்ளம் முழுவதையும் அது வயலுக்கு விடுவதில்லை. வேண்டுமளவைக் காவிரியிலும் வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் செலுத்தி, மிகுவெள்ளத்தைக் கொள்ளிடத்தில் கழித்துவிடுகிறது. அதனாலன்றோ பயிர் பிழைக்கிறது.

பத்தாண்டு கண்ட இவ்வட்டத்திலும் கருத்து வேற்றுமைகள் எழுந்திருக்கும், இனியும் எழும். கவிதையைக் குறை கூறுக. கவிஞரைக் குறை கூறற்க. இவ்வொரு வரம்பைக் காத்தால் வட்டம் நூறாண்டு காணும்.