எட்டு மணிக்கு ஒலிக்கும் எக்காளம்
(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘போரும் பாட்டும்’ என்னும் பொருளில் உரையாற்றுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். புறத்திணையை விரித்துரைப்பேன் என எதிர்பார்த்திருப்பார். அதனை என்னினும் நன்கறிந்தோர் இவ்வவையில் உள்ளனர். நான் ஒரு பழைய கடனைத் தீர்க்க வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், இதே மன்றத்தின் கவியரங்கில் நான் ஒரு போர்க்களத்தைப் பாடினேன். உங்களுள் பலர் அன்று இருந்தீர்கள், கையொலியும் எழுப்பினீர்கள். குதிரைக் குளம்பொலியைச் சந்தத்தில் கொண்டுவந்துவிட்டதாக எனக்குப் பெருமிதம். கூட்டம் கலைந்தபின் பெரியவர் ஒருவர் அருகே வந்தார். படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். “ஐயா, பாட்டு நன்றாக இருந்தது. வெட்டினவர் பெயரெல்லாம் வந்தது. வெட்டுப்பட்டவன் பெயர் ஒன்றுகூட வரவில்லையே” என்றார். பரணி மரபு அத்தகையது என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் தலையசைத்துவிட்டு மிதிவண்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவருக்கு அன்று சொல்லாத விடையைத் தேடிப் படித்தபோதுதான், பெல்ஜிய நாட்டின் ஒரு சிற்றூர்ச் சங்கத்தைப் பற்றி அறிந்தேன்.

ஊரின் பெயர் ஈப்பர். பிரெஞ்சு மொழியில் இப்ர். பெயர் நாவில் நுழையாத ஆங்கிலச் சிப்பாய்கள் ‘வைப்பர்ஸ்’ என்றே அழைத்தார்கள். 1914 முதல் 1918 வரை இவ்வூரைச் சுற்றி மீண்டும் மீண்டும் பெரும்போர் நடந்தது. 1915 ஏப்ரல் 22-இல் ஜெர்மானியர் குளோரின் நச்சுக்காற்றைத் திறந்துவிட்டது இவ்வூரின் வடபுறத்தில்தான். 1917 ஜூலை 31 முதல் நவம்பர் வரை நடந்த மூன்றாம் போரில் மனிதரும் குதிரைகளும் சேற்றிலேயே மூழ்கி மாண்டனர். போர் முடிந்தபோது ஊர் இல்லை; கற்குவியல் இருந்தது. அவ்விடிபாடுகளை அப்படியே நினைவிடமாக வைத்துவிடலாம் என்றார் சர்ச்சில். ஊர்மக்களோ திரும்பி வந்து வீடு கட்டிக்கொண்டார்கள். இடைக்காலத்துத் துணி வணிக மண்டபத்தையும் பழைய வடிவிலேயே எழுப்பினார்கள்; அவ்வேலை நிறைவுற 1967 ஆயிற்று.

போர்முனைக்குப் படைகள் சென்ற வழிகளுள் ஒன்று, கோட்டை மதிலில் இருந்த ஒரு திறப்பு. அங்கேதான் மெனின் வாயில் என்னும் நினைவு வளைவு எழுப்பப்பட்டு 1927 ஜூலை 24-இல் திறக்கப்பட்டது. உடல் கிடைக்காதவர்களின் பெயர்களை மட்டும் அதில் பொறித்தார்கள். ஏறத்தாழ 54,000 பெயர்கள். அத்தனை பெரிய கட்டடத்திலும் இடம் போதவில்லை. 1917 ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப்பின் காணாமற்போன பிரிட்டானியர் ஏறத்தாழ 35,000 பேரின் பெயர்களை டைன் காட் கல்லறைத் தோட்டத்துச் சுவர்களில் பொறிக்க நேர்ந்தது. மெனின் வாயிலில் இந்தியப் படையினர் பெயர்களும் நானூறுக்கு மேல் உண்டு. லாகூர், மீரட் என்னும் பெயர்களைத் தாங்கிய இரு படைப்பிரிவுகள் 1914-இல் அப்பகுதிப் போர்முனைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே மாண்டவர்களின் பெயர்கள் அவை.

வளைவு கட்டியது அரசு. சங்கம் அமைத்தவர்களோ ஊர்க்காரர்கள். காவல்துறைக் கண்காணிப்பாளர் பீட்டர் வாண்டன்பிராம்புஷே முன்னின்று தொடங்கினார். தங்கள் ஊருக்காக மாண்டவர்களுக்கு நாள்தோறும் நன்றி சொல்ல வேண்டும் என்பதே நோக்கம். என்ன செய்வது? படை முகாமில் நாளின் இறுதியில் ஊதும் ‘லாஸ்ட் போஸ்ட்’ என்னும் எக்காள இசையை அவ்வளைவின் கீழ் நின்று ஊதுவது. ஊதுபவர்கள் ஊரின் தொண்டர் தீயணைப்புப் படையினர். 1928 ஜூலையில் தொடங்கி, சில மாதங்களில் நின்று, 1929 மே 1 முதல் ஒவ்வொரு நாளும் என்றாயிற்று.

நிகழ்ச்சியின் எளிமையைக் கவிஞர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். மாலை எட்டு மணிக்குச் சற்றுமுன் காவலர் சாலையில் வண்டிகளை நிறுத்துகிறார். தீயணைப்பு வீரர்கள் நடுச்சாலையில் நின்று ஊதுகிறார்கள். மலர்வளையம் வைப்பவர் இருந்தால் வைக்கிறார். பிறகு வண்டிகள் ஓடத் தொடங்குகின்றன. தலைமையுரை இல்லை, வாழ்த்துரை இல்லை, பொன்னாடை இல்லை. (செயலாளர் என்னை முறைக்கிறார், மேலே செல்கிறேன்.) காண்போர் மிகச் சிலரே இருந்த மாலைகள் பல. பதினைந்து பேர் வராவிட்டால் கூட்டத்தை ஒத்திவைத்துவிடும் நாம் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

1940 மே 20-இல் ஜெர்மன் படை ஊருக்குள் புகுந்தபின் எக்காளம் அங்கே ஒலிக்கவில்லை. அந்நான்கு ஆண்டுகளும் இங்கிலாந்தின் புரூக்வுட் படையினர் கல்லறைத் தோட்டத்தில் அவ்வழக்கம் தொடர்ந்தது. 1944 செப்டம்பர் 6-இல் போலந்துப் படையினர் ஊரை மீட்டபோது, ஊரின் வேறு பகுதிகளில் சண்டை ஓயாத நிலையிலும், அன்று மாலையே வாயிலில் எக்காளம் ஒலித்தது. 2015 ஜூலை 9-இல் எண்ணிக்கை 30,000-ஐத் தொட்டது. 2020-இல் பெருந்தொற்றின்போது மக்கள் வர இயலாத நிலையில், ஒருவர் மட்டும் நின்று ஊதினார்.

இதிலும் குறை காணலாம், கண்டவர் உண்டு. அப்போரில் களம் கண்ட கவிஞர் சீக்ஃப்ரீட் சசூன், புதிய வாயிலைக் கண்டு சினந்து கவிதை எழுதினார். செத்தவர்களின் பெயரால் கல்லை அடுக்கி, சாகவிட்டவர்களின் குற்றத்தை மறைப்பதா என்பது அவர் சினத்தின் சாரம். அச்சினத்தை நான் மறுக்கவில்லை. சில கல் தொலைவில் லாங்கெமார்க் என்னுமிடத்தில் 44,000-க்கு மேற்பட்ட ஜெர்மானியர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் பெயர்கள் இவ்வாயிலில் இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். அவ்வெக்காளம் வென்றோம் என்று சொல்லவில்லை. சொற்கள் இல்லாததால் அதனால் பொய் சொல்லவும் இயலவில்லை. நம் கருவி சொல். நமக்கு அவ்வசதி இல்லை.

அவ்வாயிலைப் பற்றி என்னை மிகவும் அசைத்த செய்தி வேறு. இன்றும் அவ்வயல்களில் உழும்போதும் அடித்தளம் தோண்டும்போதும் எலும்புகள் கிடைக்கின்றன. இன்னார் என்று உறுதியானால் அவருக்கெனத் தனிக் கல்லறை அமைத்துப் பெயர் பொறிக்கிறார்கள். பிறகு வாயிலிலிருந்து அவர் பெயர் நீக்கப்படுகிறது. அவர் இனிக் காணாமற்போனவர் அல்லர். பெயரை அழிப்பதும் நினைவுகூர்தலாகும் என்பதை நான் எந்த இலக்கண நூலிலும் படித்ததில்லை. நடுகல்லுக்கு ஆறு நிலை வகுத்த தொல்காப்பியரும் இதனைக் கண்டதில்லை.

கவிஞர்கள் அவையாதலின் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1917 ஜூலை 31 அன்று, ஒரே நாளில், அவ்வூருக்கு அருகே இரு கவிஞர்கள் மாண்டார்கள். ஒருவர் அயர்லாந்தின் பிரான்சிஸ் லெட்விட்ஜ். மற்றவர் வேல்சு நாட்டின் எல்லிஸ் எவன்ஸ். ‘ஹெத் வின்’ என்பது புனைபெயர். ஆடு மேய்த்தவர், முப்பது வயது, ஆங்கிலத்தில் அன்று, தம் தாய்மொழியாகிய வேல்சு மொழியில் பாடியவர். ஆண்டுதோறும் நடைபெறும் வேல்சுக் கவிதைப் பெருவிழாவுக்குப் ‘வீரன்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்ட நெடும்பாடலைப் பிரான்சிலிருந்து அஞ்சலில் அனுப்பியிருந்தார்.

விழா 1917 செப்டம்பரில் பர்க்கன்ஹெட் நகரில் நடந்தது. முதற்பரிசு ஓர் இருக்கை. வென்றவர் எழுந்து வந்து அதில் அமர வேண்டும். எக்காளம் ஊதி, பாடலோடு அவர் அனுப்பியிருந்த மறைபெயரை அழைத்தார்கள். மும்முறை அழைத்தும் எவரும் எழவில்லை. அவர் ஐந்து வாரங்களுக்கு முன்பே களத்தில் மாண்ட செய்தியை அவைக்கு அறிவித்து, இருக்கையின்மேல் கருந்துணி போர்த்தினார்கள். அவ்விருக்கையைச் செதுக்கியவர் ஒரு பெல்ஜியத் தச்சர். போருக்கு அஞ்சி ஊரைவிட்டு வந்து பர்க்கன்ஹெட்டில் அகதியாகத் தங்கியிருந்தவர். கவிஞரோ அத்தச்சரின் நாட்டு மண்ணில் புதைக்கப்பட்டிருந்தார். லெட்விட்ஜும் அதே கல்லறைத் தோட்டத்தில்தான் துயில்கிறார்.

இருக்கை இப்போது அவர் வளர்ந்த பண்ணை வீட்டில் இருக்கிறது. பார்க்க வருவோர்க்குக் காட்டுகிறார்கள்.

இனி என் கடன். இவ்விழா மலருக்குக் குதிரைக் குளம்பொலிப் பாட்டைத் தருவதாக மலர்க்குழுவிடம் முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன். சென்ற கிழமை அதனை எடுத்துப் படித்தேன். சந்தம் இன்றும் நன்றாகவே இருக்கிறது. எண்ணூற்றுச் சொச்சம் அடிகளில் மாண்டவன் ஒருவன் பெயரேனும் உண்டா என்று மீண்டும் ஒருமுறை தேடினேன். இல்லை. பாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அதற்கென ஒதுக்கிய பக்கங்களில் இவ்வுரையை அச்சிட்டுக்கொள்ளுமாறு குழுவினரைக் கேட்டுள்ளேன். இடம் மிஞ்சினால் வெற்றிடமாகவே விட்டுவிடுங்கள்.