கார் ஒன்று, நம்பர் வேறொன்று: பழைய ஸ்போர்ட்ஸ் கார்களும் நம்பர் பிளேட்டும்

(ஒலி வடிவிலிருந்து திருத்தி எழுதப்பட்டது)

சென்ற பகுதியில் பழைய கார்கள் ஏலத்துக்கு வரும்போது விலை எப்படி ஏறுது என்று பேசினோம். அதற்கு வந்த கேள்விகளில் ஒன்றை இன்றைக்கு எடுத்துக்கறேன். "காருக்குக் காசு கொடுக்கிறது புரியுது. ஒரு தகட்டுல எழுதின நம்பருக்கு எதுக்குக் கோடிக்கணக்குல கொடுக்கறாங்க?" நியாயமான கேள்விதான். இந்த ஆசை நன்றாக வேர் பிடித்த நாடு பிரிட்டன். அதனால் அங்கிருந்தே பார்ப்போம்.

2014 நவம்பர். பிரிட்டனில் வாகனப் பதிவைக் கவனிக்கிற அரசுத் துறையான டிவிஎல்ஏ நடத்திய ஏலம். "25 ஓ" என்று ஒரு நம்பர் வருது. ஏலத்தில் கேட்ட விலை 4,00,000 பவுண்டு. வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து 5,18,000 பவுண்டு. அன்றைய மதிப்பில் நம்ம பணத்துக்குச் சுமார் 5 கோடி ரூபாய். வாங்கியவர் ஜான் காலின்ஸ். பழைய ஃபெராரிகளை விற்கும் டாலக்ரெஸ்ட் நிறுவனத்தை நடத்துபவர்.

25-க்குப் பக்கத்தில் ஓ என்ற ஆங்கில எழுத்து வந்தால், பார்க்கிறவன் கண்ணுக்கு அது 250. ஃபெராரிக்காரங்களுக்கு 250 சாதாரண நம்பர் இல்லை. 3 லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சின். ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 250 சிசி. அதுதான் அந்த மாடலின் பெயராகவே ஆச்சு. அந்தக் குடும்பத்தில் 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்ட 250 ஜிடிஓ-வில் ஒன்று, 2018-ல் கலிஃபோர்னியா மான்டரே ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. காலின்ஸ் தன் நம்பரை, ஒரு காலத்தில் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனிடம் இருந்த 250 எஸ்டபிள்யூபி காரில் மாட்டப்போவதாகச் சொன்னார்.

ஆக, இங்கே நம்பர் என்பது ஒரு நகை. காருக்குப் பொருத்தமாக வாங்கிப் போட்ட நகை. துபாயில் 2023 ஏப்ரலில் "பி 7" என்ற நம்பர் 5.5 கோடி திர்ஹாமுக்குப் போனதும் இந்த வகைதான். அந்தப் பணம் உணவு வழங்கும் அறப்பணிக்குப் போனது, அது வேற விஷயம்.

ஆனால் நம்பருக்கு இன்னொரு முகம் இருக்கு. பழைய கார் சேர்க்கிறவர்களுக்கு அதுதான் முக்கியம்.

பிரிட்டனில் 1904 ஜனவரி 1 முதல் வண்டிக்கு நம்பர் கட்டாயம். ஒவ்வொரு கவுண்டிக்கும் பெரிய ஊருக்கும் எழுத்துகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஏ என்றால் லண்டன். ஓ என்றால் பர்மிங்காம். பிறகு ஓஜே-யும் பர்மிங்காமுக்கே வந்தது. ஆர்டபிள்யூ, ஹெச்பி எல்லாம் காவென்ட்ரி. விஷயம் தெரிந்தவர் பழைய நம்பரைப் பார்த்தால் வண்டி எந்த ஊரில் முதலில் பதிவானது என்று சொல்லிவிடுவார். இப்ப அந்த 25 ஓ-வைத் திரும்பப் பாருங்க. இத்தாலியில் மரனெல்லோவில் பிறந்த ஃபெராரி, பர்மிங்காம் முகவரியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்குது!

இதற்கு நேர் எதிரான உதாரணம் சொல்றேன். 1961 மார்ச், ஜெனீவா கார் கண்காட்சி. ஜாகுவார் தன் ஈ-டைப் காரை உலகத்துக்குக் காட்டுது. அங்கே ஓட்டிக்கொண்டு போன கூப்பே காரின் நம்பர் 9600 ஹெச்பி. ஓட்டிப் பார்க்க அவ்வளவு கூட்டம், ஒரு கார் போதலை. நிறுவனத் தலைவர் சர் வில்லியம் லயன்ஸ் இன்னொன்றைக் கொண்டுவரச் சொன்னார். சோதனை ஓட்டுநர் நார்மன் டெவிஸ் காவென்ட்ரியிலிருந்து திறந்த கூரை கார் ஒன்றை இரவு முழுக்க ஓட்டி மறுநாள் காலையில் ஜெனீவாவில் நிறுத்தினார். அந்தக் காரின் நம்பர் 77 ஆர்டபிள்யூ. இரண்டு கார்களும் இன்றும் இருக்கு. ஈ-டைப் ரசிகர்களிடம் "77 ஆர்டபிள்யூ" என்றாலே போதும், அந்த இரவுப் பயணம் மொத்தமும் ஞாபகம் வந்துவிடும்.

சில நம்பர்கள் துயரத்தையும் சுமக்கும். ஆஸ்டின்-ஹீலி கார் ஒன்று, என்ஓஜே 393. 1955 லே மான் பந்தயத்தில் 80 பேருக்கு மேல் இறந்த விபத்தில் சிக்கிய கார். லான்ஸ் மேக்லின் ஓட்டியது. 2011-ல் ஏலத்தில் 8,43,000 பவுண்டுக்கு விற்றது. இதே மாடல் இன்னொன்றுக்கு அந்த விலை கிடைக்காது. பழைய புகைப்படத்தில் தெரிகிற கார் இதுதான் என்று சொல்கிற அடையாளங்களில் அந்த நம்பரும் ஒன்று.

'கோல்டுஃபிங்கர்' படம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5-ல் நம்பர் பிளேட் சுழலும். பிரிட்டன், பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று மூன்று நம்பர். எதுக்கு? நம்பர் மாறினா ஆள் யாருன்னே தெரியாதுங்கறதுக்காக.

பிரச்சினையும் இங்கேதான் ஆரம்பிக்குது. பிரிட்டனில் ஒரு காரின் நம்பரைக் கழற்றி இன்னொரு காருக்கு மாற்ற சட்டம் அனுமதிக்குது. காரை உள்ளதைவிடப் புதியதாகக் காட்டும் நம்பரை மட்டும் போட முடியாது. 1963-ல்தான் நம்பரின் கடைசியில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து வந்தது. அதற்கு முந்தைய நம்பர்களில் ஆண்டு தெரியாது. எந்தக் காரிலும் போடலாம். அதனால் அவற்றுக்கு நல்ல கிராக்கி. விளைவு என்ன? கொட்டகையில் கிடந்த எத்தனையோ பழைய கார்களை, நம்பருக்காகவே வாங்கினார்கள். நம்பர் புது காருக்குப் போச்சு. பழைய காருக்கு டிவிஎல்ஏ அதன் வயதுக்கு ஏற்ற மாற்று நம்பர் கொடுத்தது.

அந்த மாற்று நம்பர்களில் பல, ஸ்காட்லாந்தின் சிறிய கவுண்டிகளுக்கு ஒதுக்கப்பட்டு அங்கே வண்டிகள் குறைவாக இருந்ததால் மிச்சமாகிப் போனவை. காவென்ட்ரியில் பிறந்து லண்டனில் ஓடின காருக்கு ஸ்காட்லாந்து நம்பர்! தெரிந்தவர் கண்ணில் இது பட்டால் முதல் கேள்வியே, "இதோட சொந்த நம்பர் எங்கே?" என்பதுதான். காருக்கு அதனால் ஒரு பழுதும் இல்லை. ஆனால் பழைய புகைப்படம், பந்தயப் பட்டியல், சர்வீஸ் ரசீது, இவையெல்லாம் பழைய நம்பரில்தானே இருக்கும்? கயிறு அறுந்துபோகுது.

இன்னொரு வழியிலும் நம்பர் தொலையும். பிரிட்டனில் பதிவேடுகள் கணினிக்கு மாறியபோது, 1983 நவம்பர் இறுதிக்குள் விவரம் தராத வண்டிகளின் நம்பர்கள் பதிவேட்டில் ஏறவில்லை. அவற்றை மீட்க வி765 என்று ஒரு திட்டம் இருக்கு. பழைய பதிவுப் புத்தகம் போன்ற ஆதாரம் வேணும். அங்கீகரிக்கப்பட்ட கார் சங்கம் ஒன்று சரிபார்க்கணும். இதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: அப்படி மீட்ட நம்பரைத் திரும்ப விற்க முடியாது. அது அந்தக் காரோடயே இருக்கணும்.

நம்ம நாட்டிலும் இந்த எண்ணம் இருக்கு. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகன விதிகளை அறிவித்தது. 50 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வாகனங்களுக்கானது. புதிதாகப் பதிவு செய்தால் விஏ என்ற தனி வரிசை. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம். வீட்டில் தாத்தா காலத்து வண்டி இருக்கிறவங்க இதைக் கவனிங்க.

அப்படிப்பட்ட காரை வாங்கப் போறீங்கன்னா, மூணு விஷயம் கேளுங்க. முதல் பதிவு நம்பர் எது, அதுக்குக் காகிதம் இருக்கா? சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் தொழிற்சாலைப் பதிவோடு ஒத்துப்போகுதா? நம்பர் மாறியிருந்தா எப்போ, ஏன் மாறியது? நம்பரை மட்டும் நம்பாதீங்க. கழற்றி மாட்டக்கூடிய பொருள் தனியா சாட்சி ஆகாது. சேசிஸும் காகிதமும் கூட நிற்கும்போதுதான் அதற்கு மதிப்பு.

விற்கப் போறவங்களுக்கும் ஒன்று. "காருக்கு ஒரு விலை, நம்பருக்குத் தனி விலை" என்று ஒருத்தர் வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நாள் யோசிங்க. அந்தப் பணம் உங்களுக்கு வேண்டியிருக்கலாம்; தப்பில்லை. ஆனா குறைந்தபட்சம் பழைய நம்பரோடு இருக்கிற எல்லாக் காகிதத்தையும், புகைப்படத்தையும் நகலெடுத்துக் காரோடு அனுப்புங்க. அடுத்து வாங்குறவர் தேடும்போது ஒரு நுனியாவது கையில் கிடைக்கும்.

அடுத்த பகுதியில் சேசிஸ் நம்பரை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது என்று பார்க்கலாம். கேள்விகள் இருந்தால் அனுப்புங்க.