காலுக்கேற்ற சப்பாத்து

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



 ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் சமயத்தைப் பற்றியும், தமிழைப் பற்றியும், கல்வியைப் பற்றியும் பேசுவதே வழக்கம். நாங்களோ சப்பாத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கோயில் வாசலில் கழற்றிவிட்டு வரவேண்டிய பொருளை மேடைக்குக் கொண்டு வரலாமா என்று பெரியவர்கள் சிலர் புன்முறுவல் பூப்பது தெரிகிறது. ஆயினும் பாதுகையை அரியணையில் ஏற்றி வைத்துப் பதினான்கு ஆண்டுகள் நாட்டைக் காத்த பரதனைப் போற்றுகிறவர்கள் நாம். இறைவனின் கண் இருந்த இடத்துக்கு அடையாளமாகச் செருப்பணிந்த காலையே ஊன்றிய கண்ணப்பரை நாயன்மார் வரிசையில் வைத்து வணங்குகிறவர்கள் நாம். ஆகவே இப்பொருளைச் சிறியதென்று தள்ளிவிடமாட்டீர்கள் என்னும் துணிவோடு தொடங்குகிறோம்.

மலையகத் தமிழரின் சரித்திரமே காலால் எழுதப்பட்ட சரித்திரம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நம் முன்னோர் கடலைக் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரையில் நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். வழியிலே மாண்டவர் பலர். அவர்கள் வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் ஒரு நடைபயணம் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். இன்றும் நம் தாய்மார் முதுகிலே கொழுந்துக் கூடையோடு செங்குத்தான மலைகளில் ஏறி இறங்குகிறார்கள். அத்தகைய தாய்மாரின் பிள்ளைகளிடம் ஓடும் வல்லமை இருப்பது வியப்பன்று. நம் மலையக மைந்தர் குமார் சண்முகேஸ்வரன் 10,000 மீற்றர் ஓட்டத்தில் நாட்டின் முன்னணி வீரர்களுள் ஒருவராக விளங்கியதை எண்ணி நாம் பெருமைப்படுகிறோம். வல்லமை நம்மிடம் உண்டு. அதனைக் காக்கும் அறிவு உண்டா என்பதே இன்றைய கேள்வி.

இனி எங்கள் குற்றம் ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் தோட்டத்தில் நாங்கள் நால்வர் ஒன்றாக ஓடிப் பழகினோம். எங்களில் மிக வேகமாக ஓடுபவன் தேய்ந்துபோன கன்வஸ் சப்பாத்தோடு ஓடினான். வீதி ஓட்டப் போட்டி நெருங்கியபோது, “உலக வீரர்கள் அணியும் சப்பாத்தைப் போல ஒன்று வாங்கு, அப்போதுதான் முதலாவதாக வருவாய்” என்று ஆலோசனை சொன்னவர்கள் நாங்களே. அவன் தாயார் சீட்டுப் பணம் எடுத்துக் கொடுத்தார். நகரத்துக் கடையொன்றில் நாங்கள் விரும்பிய நிறத்தில் அவன் அளவு இருக்கவில்லை. “போடப் போட இளகிவிடும்” என்று விற்பவர் சொன்னார்; நாங்களும் ஆமாம் போட்டோம். போட்டியன்று இறக்கத்தில் அவன் பெருவிரல் சப்பாத்தின் முனையில் மோதி மோதி நகம் கறுத்து இரத்தம் கட்டியது. பாதி வழியில் நின்றுவிட்டான். வீட்டுக்குச் சென்றதும் அவன் தாயார் நகத்தைப் பார்த்தார், பிறகு சப்பாத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் எங்களை இன்றும் விடவில்லை. அடுத்த ஆண்டு அவன் ஓட வரவில்லை. தவறு அவனுடையதன்று, அறியாமல் ஆலோசனை சொன்ன எங்களுடையது.

“அந்தக் காலத்தில் நாங்கள் வெறுங்காலோடு ஓடவில்லையா?” என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. அது நியாயமான கேள்வியே. 1960ஆம் ஆண்டு ரோம் நகரில் நடந்த ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தில் எத்தியோப்பிய வீரர் அபேபே பிக்கிலா வெறுங்காலோடு ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் முதலாவதாக வந்தார். அவருக்குக் கிடைத்த சப்பாத்துக்கள் காலுக்குப் பொருந்தவில்லை. பொருந்தாத சப்பாத்தைவிடப் பழகிய வெறுங்காலே மேல் என்று அவர் முடிவு செய்தார். அதே பிக்கிலா 1964இல் டோக்கியோவில் சப்பாத்து அணிந்து ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 வினாடியில் மறுபடியும் வென்றார். இவ்விரண்டு ஓட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் பாடம் தெளிவாகும். வெற்றி சப்பாத்தில் இல்லை, வெறுங்காலிலும் இல்லை. தன் காலைத் தான் அறிந்ததில் இருக்கிறது.

ஆனால் வெறுங்கால் நம் மக்களுக்குச் செய்த தீங்கையும் மறக்கலாகாது. ஒரு காலத்தில் தோட்டங்களை வாட்டிய நோய்களுள் கொக்கிப்புழு நோய் முக்கியமானது. அசுத்தமான ஈரமண்ணில் இருக்கும் அப்புழுவின் குஞ்சு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்பினுள் புகும். குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். இரத்தம் குன்றியவரைச் சோம்பேறி என்று ஏசியவர்களும் இருந்தனர். அதனை ஒழிப்பதற்கு 1916ஆம் ஆண்டிலேயே ரொக்ஃபெல்லர் நிதியத்தார் இலங்கையில் வேலை தொடங்கினர். மலசலகூடமும் மருந்தும் போலவே பாதணியும் அந்நோய்க்குத் தடை. ஆகவே காலுக்குக் காவல் தேடுவது ஆடம்பரமன்று, பெரியோர்களே.

அப்படியானால் யாரிடம் ஆலோசனை கேட்பது? வள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஓட்டத்தில் பெரியார் யார் என்பதை அறிய, ஆலோசனை சொல்பவரிடம் மூன்று சோதனைகளை நாம் மனத்துக்குள் நடத்தலாம்.

முதலாவது, அவர் சொல்வதை நாம் ஏற்றால் அவருக்கு என்ன இலாபம்? விற்பவர் எல்லாரும் பொய்யர் அல்லர். காலை அளந்து, “இது உனக்கு வேண்டாம் தம்பி” என்று சொல்லும் முதலாளிமாரும் உண்டு. ஆயினும் விற்றுத் தீர்க்க வேண்டிய சரக்கைப் புகழ்வோரும் உண்டு. கைபேசியில் வரும் விளம்பரத்துக்கோ நம் கால் இன்னதென்றே தெரியாது.

இரண்டாவது, அவர் நம் காலையும் நம் பாதையையும் பார்த்தாரா? கொழும்பில் சமதரையான வீதியில் ஓடுபவருக்கு உகந்தது, ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் மழையில் ஓடுபவருக்கு உகந்ததாக இருக்கவேண்டியதில்லை. ஹட்டன் டன்பார் மைதானத்தில் சுற்றி ஓடுவது வேறு. தோட்டத்துக் கல்றோட்டில் இறங்கி ஓடுவது வேறு.

மூன்றாவது, தாம் தவறியதையும் அவர் சொல்கிறாரா? கால் நொந்து, நகம் இழந்து, அதிலிருந்து கற்றுக்கொண்ட மூத்த ஓட்டக்காரர் ஒருவரின் சொல், பதக்கம் பெற்றவரின் படத்தைவிடப் பயனுள்ளது.

இங்கே விஞ்ஞானம் சொல்வதையும் கேட்க வேண்டும். ஈரக் காலைத் தாளில் பதித்து, பாதத்தின் வளைவைப் பார்த்து, “உனக்குத் தட்டைக்கால், ஆகையால் இந்த வகைச் சப்பாத்துத்தான்” என்று சொல்லும் முறை நெடுங்காலம் நிலவியது. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, கடற்படைக் காலாட்படை ஆகியவற்றில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இம்முறையைச் சோதித்து, 2009, 2010ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டனர். பாதத்தின் வடிவத்தைப் பார்த்துச் சப்பாத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கும், எல்லாருக்கும் ஒரே வகை என்று கொடுக்கப்பட்டவர்களுக்கும் காயங்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான கொக்ரேன் அறிக்கையும் அம்முறைக்குப் போதிய ஆதாரம் காணவில்லை. 2015ஆம் ஆண்டு பென்னோ நிக் என்னும் பேராசிரியரும் அவர் கூட்டத்தாரும், ஓடுபவர் தம் காலுக்குச் சுகமாக உணரும் சப்பாத்தைத் தெரிவதே தக்க வழி என்ற கருத்தை முன்வைத்தனர். சுருங்கச் சொன்னால், எல்லா ஆலோசனைகளையும் கேட்டபின் கடைசியாகக் கேட்கவேண்டிய ஆலோசகர் நம் காலே.

அக்காலிடம் எப்படிக் கேட்பது? மிஷன் பாடசாலையில் எங்களுக்கு ஓட்டம் பழக்கிய ஆசிரியர் ஒருவர் சொல்லித் தந்ததையும், பிறகு நாங்கள் அறிந்ததையும் சேர்த்துக் கூறுகிறோம்.

பிற்பகலிலோ மாலையிலோ கடைக்குச் செல்லுங்கள்; பகல் முழுதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது அணியும் காலுறையைக் கொண்டு செல்லுங்கள். இரு கால்களையும் நின்றபடியே அளவெடுங்கள். பெரும்பாலோர்க்கு ஒரு கால் மற்றதைவிடப் பெரிது. பெரிய காலுக்கே சப்பாத்து வாங்கவேண்டும். உள்ளே இருக்கும் மெத்தைத் தகட்டை வெளியே எடுத்து அதன்மேல் நின்று பாருங்கள். பாதம் இருபக்கமும் வழிந்தால் அது ஒடுக்கம். நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். இறக்கத்தில் ஓடும் நமக்கு அவ்விடம் இல்லாவிட்டால் நகம் போய்விடும். அதேவேளை குதிக்கால் பின்னால் வழுக்கக் கூடாது. நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அனுமதி கேட்டு, கடை வாசலில் பத்தடி ஓடிப் பாருங்கள். அப்போதே கடிக்கும் சப்பாத்து, பின்னர் இளகும் என்று நம்பாதீர்கள். மூடுபனியும் மழையும் நிறைந்த நம் வழிகளுக்கு, அடியில் பிடிமானமான றப்பர் கட்டைகள் வேண்டும். நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள்.

வாங்கியபின் முதல் நாளே நெடுந்தூரம் ஓடாதீர்கள். சில நாள் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். மழையில் நனைந்த சப்பாத்தை லயத்து அடுப்பருகே வைத்துக் காய வைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். வெப்பத்தில் பசை இளகி அடிப்பாகம் கழன்றுவிடும். பழைய பத்திரிகைத் தாளை உள்ளே திணித்து, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் ஈரம் வற்றிவிடும். அடி தேய்ந்து, மெத்தை இறுகிப்போன சப்பாத்தை, மேலே அழகாக இருக்கிறதென்று ஓட்டத்துக்கு அணியாதீர்கள். எலும்பில் ஒரே இடத்தில் வலி நீடித்தால் அது சப்பாத்துக்காரரிடம் கேட்கும் கேள்வியன்று; வைத்தியரிடம் செல்லுங்கள். நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கும் ஒரு சொல். அந்நோய் நீடித்தால் காலில் உணர்ச்சி குன்றிவிடலாம்; சப்பாத்துக் கடிப்பதே தெரியாது. ஆகவே நாள்தோறும் பாதத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சகோதரிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் வீடுகளில் அண்ணன் போட்டுக் கழித்த சப்பாத்தே தங்கையின் ஓட்டச் சப்பாத்து. பெண்களின் பாதத்தில் குதிப்பக்கம் பெரும்பாலும் ஒடுக்கமானது. முன்னே துணி அடைத்த சப்பாத்தோடு ஓடும் பிள்ளை தன் முழு வேகத்தை எப்படிக் காட்டுவாள்? 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் நாட்டுக்குப் பதக்கம் கொண்டுவந்தவர் சுசந்திகா ஜயசிங்க என்னும் கிராமத்துப் பெண் என்பதை நினைவில் வைப்போம்.

இறுதியாகப் பணம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என வர்த்தமானியில் வெளியிடப்பட்டது. சப்பாத்தின் விலைச் சீட்டைக் காணும்போது அத்தொகையை நாட்சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள், இளைஞர்களே. 20,250 ரூபாய்ச் சப்பாத்து என்றால், அந்த 1,350 ரூபாய்க் கணக்கில் அது பதினைந்து நாள் கொழுந்து. தாயின் பதினைந்து நாட்களைக் காலில் அணிந்துகொண்டு ஓடுகிறோம் என்று உணர்ந்தால், அறியாமல் வாங்கமாட்டோம். அறியாமல் ஆலோசனையும் சொல்லமாட்டோம். பெருந்தொகைக்கு விற்கும் தடித்த அடிச் சப்பாத்துக்கள் உலகப் போட்டிகளுக்காகச் செய்யப்பட்டவை. வீதி ஓட்டத்தில் அடிப்பாகம் 40 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாதென்று உலகத் தடகளச் சங்கம் 2020இல் விதி செய்யும் அளவுக்கு அவை வளர்ந்துவிட்டன. அவற்றை நாம் துரத்தவேண்டியதில்லை. கட்டுப்படியான விலையில், அளவு சரியான, பிடிமானமுள்ள ஒரு சோடி போதும்.

ஆதலால் மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். ஓட விரும்பும் பிள்ளைகள் ஒவ்வொருவரின் பாத அளவையும் தாளில் வரைந்து, மன்றத்தில் ஓர் ஏடு வைப்போம். வளர்ந்துவிட்ட பிள்ளைகளின், இன்னும் தேயாத சப்பாத்துக்களைக் கழுவிக் காயவைத்து, அளவு பொருந்தும் மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். வாங்கச் செல்பவனோடு அனுபவமுள்ள ஒருவர் துணையாகச் செல்லட்டும். இதற்குப் பெருநிதி வேண்டாம்; ஒரு கொப்பி, ஒரு பென்சில், கொஞ்சம் பொறுமை போதும்.

இவ்வேட்டின் முதற்பக்கம் எழுதப்பட்டுவிட்டது. சென்ற வாரம் நாங்கள் எங்கள் நண்பனின் வீட்டு இஸ்தோப்பில் தாளை விரித்து, அவனை அதன்மேல் நிற்கச் சொல்லி, அவன் இரு பாதங்களையும் வரைந்தோம். வலக்கால் இடக்காலைவிட அரை விரற்கடை நீளமாக இருந்தது. அன்றைக்கே இதை அளந்திருந்தால் என்று நாங்கள் வெட்கத்தோடு நின்றோம். அவன் தாயார் எட்டிப் பார்த்து, “இனியாவது பார்த்து வாங்குங்க தம்பி” என்றார். அதைவிட நல்ல ஆலோசனையை நாங்கள் எங்கும் கேட்டதில்லை. அடுத்த போட்டியில் அவன் ஓடுவான்.

 வாழ்க நம் மன்றம்! வளர்க மலையகம்!